கடலுக்கு ஒரு பாஸ்

ரயில்வே வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை பள்ளி மூடும் நாளில் தொடங்காது. பாஸ் கைக்கு வரும் நாளில்தான் தொடங்கும். அப்பா பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டர். மாலைச் சங்கு ஊதி, கேட்டைத் தாண்டி சைக்கிள்கள் மொத்தமாக வெளியே வரும்போது அப்பாவின் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தால், எனக்கும் தம்பிக்கும் விஷயம் புரிந்துவிடும். அந்தக் காகிதத்தில் எங்கள் பெயர்கள் வயதோடு இருக்கும். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எந்த வழியாகப் போவது, நடுவில் எந்தெந்த ஊர்களில் தங்கிப் போகலாம் என்பதெல்லாம் மையில் எழுதியிருக்கும்.

மற்ற ஆண்டுகளில் அது மதுரைக்கோ பழனிக்கோ எங்களைக் கொண்டுபோகும். 1979-இல் தாத்தா குறுக்கே புகுந்தார்.

"இந்தத் தடவ நம்ம லைனச் சுத்திக் காட்டுப்பா. பத்து வயசாச்சு பாப்பாவுக்கு, இன்னும் கடலப் பாக்கல. நாகப்பட்டணத்தான் பேத்தின்னு சொன்னா எவன் நம்புவான்?"

அப்பா தாத்தாவிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. மே மாதத்துக்கு பாஸ் எழுதி வாங்கினார். பொன்மலை, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் என்று வழி நீண்டது. பாஸில் அடங்காத கிளைப்பாதைகளுக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்கும் தனி பாஸ் தாத்தாவிடம் இருந்தது. அதைப் பழைய பிஸ்கட் டின்னில், பென்ஷன் புத்தகத்துக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பார்.

ஒரு ஹோல்டால், ஒரு தகரப் பெட்டி, கூஜாவில் தண்ணீர், புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. அம்மாவின் கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கும் பொறுப்பு எனக்கு. விடிகாலையில் பொன்மலை ஸ்டேஷனிலேயே ஏறினோம். பாசஞ்சர் வண்டி, நீராவி இன்ஜின். ஏறுமுன் தாத்தா செய்த ஒரு காரியத்தை அதன்பின் ஒவ்வொரு ஊரிலும் செய்தார். பெட்டியின் கடைசிச் சுவருக்குப் போய், அங்கே வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பதைக் குனிந்து படித்தார். எந்தப் பணிமனையில், எந்தத் தேதியில் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பழுதுபார்த்தார்கள், மறுபடி எப்போது வரவேண்டும் என்கிற குறிப்பு அது. பொன்மலைக்கு ஜி.ஓ.சி. என்று குறியீடு. அந்த மூன்று எழுத்தும் இருந்துவிட்டால் பெட்டிச் சுவரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார், தெருவில் எதிர்ப்படும் சொந்தக்காரப் பையனின் முதுகில் தட்டுவதைப் போல. "நம்ம வண்டிதான், ஏறு பாப்பா."

திருவெறும்பூர், சோளகம்பட்டி, ஐயனாபுரம், பூதலூர், ஆலக்குடி. அந்த வரிசையை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணில் கரி விழாமல் தப்ப முடியாது. அம்மா முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கிக் கண்ணில் ஒற்றுவாள். தம்பிக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது, ஒற்றி முடிப்பதற்குள் மறுபடி தலையை வெளியே நீட்டுவான். ஒவ்வொரு ஸ்டேஷனை நெருங்கும்போதும் கைகாட்டி மரம் கையைத் தாழ்த்தியிருக்கிறதா என்று யார் முதலில் பார்ப்பது என்பதில் எங்களுக்குள் போட்டி. ஒற்றைப் பாதை என்பதால், அடுத்த ஸ்டேஷன் வரை பாதை நமக்குத்தான் என்பதற்கு அடையாளமாக டோக்கன் இன்ஜின்காரர் கைக்கு வந்தாக வேண்டும். பெரிய பிரம்பு வளையத்தில் ஒரு தோல் பை, அதற்குள் இரும்புக் குண்டு. பாயிண்ட்ஸ்மேன் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்க, நகரும் இன்ஜினிலிருந்து ஃபயர்மேன் கையை அதற்குள் நுழைத்து வாங்கிக்கொள்வார். அது இல்லாமல் எந்தக் கொம்பனும் வண்டியை ஓட்ட முடியாது என்று தாத்தா சொல்லும்போது அவர் குரலிலேயே ஒரு அதிகாரம் ஏறும்.

மே மாதத்து டெல்டா பச்சையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அங்கே கோடையில் போகாதவர்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அதுவரை ஆறுகள் எல்லாம் மணல்தான். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகக் கடந்தோம், ஒன்றிலும் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, பெண்கள் கொட்டாங்கச்சியால் இறைத்துக் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அறுத்த வயலில் ஆடுகள் கிடை போட்டிருந்தன. வறண்டிருந்தாலும் அந்த நிலம் எனக்கு அழகாகவே பட்டது. எல்லைக்கோடு இல்லாமல் தட்டையாக விரிந்து, எங்கு பார்த்தாலும் ஏதோ ஒரு கோபுரத்தின் நுனி தெரிந்தது.

தஞ்சாவூரில் பெரிய கோயில். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது, விமானம் 216 அடி என்று அப்பா படித்ததைச் சொன்னார். அன்று என் கவனத்தில் இருந்தது கால்தான். மதிய வெயிலில் அந்தப் பரந்த கல்தளத்தில் செருப்பில்லாமல் ஓடி, நந்தி மண்டப நிழலில் போய் விழுந்தோம். நிழலில் இருந்து பார்க்கும்போது விமானம் நம்மை நோக்கிச் சாய்வதாகத் தோன்றும். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

அந்த ராஜராஜன் கடலோர நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை எழுதிக்கொடுத்தவன் என்பது கல்லூரிக்குப் போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. விகாரம் கட்டியவர் கடலுக்கு அப்பாலிருந்த ஸ்ரீவிஜயத்து அரசர். அந்தத் தானத்தைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் நகரம்வரை போய்ச் சேர்ந்து, அந்த ஊர்ப் பெயராலேயே அழைக்கப்பட்டன. அதைப் படித்த அன்று என் மனசில் முதலில் ஓடியது எங்கள் பாசஞ்சர் வண்டிதான். தஞ்சாவூரில் உட்கார்ந்திருக்கும் அரசனின் கை நாகப்பட்டினத்துக் கரைவரை நீண்ட வழியில்தானே நாங்கள் போனோம்! தலைநகரமும் துறைமுகமும் பாடப் புத்தகத்தில் வேறு வேறு பக்கங்களில் இருக்கும். ரயிலில் அவை ஒரே பயணத்தில் அடுத்தடுத்து வந்தன. இந்தப் பயணம் எனக்குக் கொடுத்ததில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்.

கும்பகோணத்தில் ஓர் இரவு. அடுத்த ஆண்டு மகாமகம் என்பதால் ஊர் முழுக்க அதே பேச்சு. அம்மா சாரங்கபாணி கோயிலுக்குப் போனாள், தாத்தா காபிக்குப் போனார். மறுநாள் காலை மாயவரம் வண்டியில் நரசிங்கன்பேட்டையில் ஒருவர் துணி சுற்றிய நீண்ட பொதியுடன் ஏறினார். நாகஸ்வரம் கடையும் ஊர் அது. உள்ளே என்ன என்று தம்பி கேட்க, அவர் துணியை விலக்கி, கறுப்பாக மின்னிய ஆச்சா மரக் குழலை அவன் மடியில் வைத்தார். மாயவரம் வரை அவன் மூச்சுக்கூட விடாமல் அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது அவர் அவன் தலையில் கைவைத்தது நினைவிருக்கிறது.

மாயவரம் ஜங்ஷன். அப்போது அங்கிருந்து நாலு பக்கம் பாதை பிரிந்தது. வடக்கே சிதம்பரம், விழுப்புரம். மேற்கே நாங்கள் வந்த தஞ்சாவூர்ப் பாதை. தெற்கே திருவாரூர். கிழக்கே, கடலைப் பார்த்து, தரங்கம்பாடி. இந்தக் கிழக்குப் பாதைதான் எங்களுக்குக் கிடைத்த பெரும்பேறு.

தரங்கம்பாடி வண்டி ஜங்ஷனின் ஓர் ஓரத்தில் அடக்கமாக நின்றுகொண்டிருந்தது. சில பெட்டிகள்தான். மரப் பலகை இருக்கை. கவுண்டரில் அப்பா எடுத்த டிக்கெட்டை என்னிடம் கொடுத்தார். கட்டைவிரல் அகலத்துக்குக் கெட்டி அட்டை, தேதி பதிந்த இடத்தில் சிறு பள்ளம். பாஸில் வந்தவளுக்கு முதல்முறையாகச் சொந்தமாக ஒரு டிக்கெட். பயணிகளில் பாதிப்பேர் கூடைக்காரப் பெண்கள். காலையில் மீனோடு வந்து விற்றுவிட்டு, வெறும் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றார்கள். பெட்டி முழுக்க மீன் வாசம். அம்மா மூக்கைப் பொத்தினாள். தாத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அந்த வாசத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு. முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் பாதை அது. 1926-இல் போட்டது. வண்டி அவசரப்படவில்லை. தென்னந்தோப்புக்குள் புகுந்து, வீடுகளின் கொல்லைப்புறமாகப் போய், கிணற்றடியில் துவைப்பவர்களோடு இன்ஜின்காரர் இரண்டு வார்த்தை பேசும் அளவுக்கு மெதுவாக ஊர்ந்தது. திருக்கடையூரில் மாலையும் பட்டுமாக ஒரு முதிய தம்பதி, பிள்ளைகளும் பேரன்களும் புடைசூழ ஏறினார்கள். அறுபதாம் கல்யாணம் முடித்து வருகிறவர்கள். பெட்டியில் இருந்த எல்லோரும், அந்த மீன்காரப் பெண்கள் உட்பட, எழுந்து அவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கினோம். அந்தப் பாட்டி எனக்குக் கொடுத்த கல்கண்டு பொறையாறு வரும்வரை வாயில் கரையாமல் இருந்தது.

பொறையாற்றில் தாத்தாவின் ஒன்றுவிட்ட தங்கை வீடு. "அண்ணே, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று வாசலிலேயே அழுதார். பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு உடனே கிளம்பினோம், ஏனென்றால் நானும் தம்பியும் இனி ஒரு நிமிடமும் காத்திருக்கத் தயாராக இல்லை.

தரங்கம்பாடி நுழைவாயிலைத் தாண்டியதும் தெரு சட்டென்று அகலமாகி, இருபுறமும் தூண் வைத்த பெரிய வீடுகள், வெள்ளையான தேவாலயங்கள். நடமாட்டமே இல்லை. தெருவின் முடிவில் ஒன்றுமில்லை, வானம் மட்டும் இருந்தது. அந்த வானத்தின் கீழ்ப்பாதி அசைந்தது. அதுதான் கடல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. படத்தில் பார்த்த கடலுக்குச் சத்தம் கிடையாதே. நெஞ்சுக்குள் வந்து அடிக்கும் அந்த முழக்கத்துக்குத் தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். காற்றில் உதடு உப்புக் கரித்தது. தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் இருவர் கையையும் பிடித்து, முழங்கால் ஆழத்துக்கு நேராக நடத்திக்கொண்டு போய்விட்டார். அலை திரும்பும்போது உள்ளங்காலுக்கு அடியில் மணல் உருவிக்கொண்டு ஓடியது. நிலம் நகரும் என்பதை உடம்பு அறிந்த முதல் தருணம் அது. நான் கத்தினேன், தாத்தா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் கேட்டதில்லை.

கரையிலேயே டேனிஷ்காரர்களின் டான்ஸ்போர்க் கோட்டை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கட்டியது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் கடிதம் எழுதி அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. மறுபடியும் தஞ்சாவூரின் கை, மறுபடியும் கரை. 1706-இல் கிறிஸ்தவ மறைபரப்பாளர் சீகன்பால்கு இங்கே வந்து இறங்கினார். தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-இல் இந்த ஊரில்தான் அச்சிட்டார்கள். அச்சுக்குத் தாள் வேண்டும் என்று பொறையாற்றுக்குப் பக்கத்தில் காகித ஆலையே வைத்தார்கள். 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் பிறகு தேடித் தேடிப் படித்தேன். அன்றைக்கு என்னை இழுத்தது கோட்டையைவிட, அதற்குச் சற்று வடக்கே கடல் தின்றுகொண்டிருந்த மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயில். முன்பகுதி முழுக்கச் சரிந்து அலைக்குள் கிடந்தது. ஒரு கல்தூண் நீருக்குள் சாய்ந்து, அலை பின்வாங்கும்போது மட்டும் பூவேலைப்பாடு தெரியும், உடனே மறையும். மிஞ்சிய கருவறைக்குள் விளக்கு எரிந்தது.

"கடல் வாங்குனத கொடுக்காதா தாத்தா?" என்று கேட்டேன்.

"கொடுக்கும் பாப்பா. மீனா கொடுக்கும்."

அன்று இரவு பொறையாற்று வீட்டில் சாப்பிட்ட நெத்திலிக் குழம்பின் ருசிக்கு இணையாக இதுவரை ஒன்றும் எனக்கு வாய்க்கவில்லை.

நடுவில் ஒரு பகல் சிதம்பரம் போய் வந்தோம். நடராசர் தரிசனத்துக்காக அம்மா கேட்டது. எங்களுக்குக் கொள்ளிடம் பாலம் கிடைத்தது. தண்ணீர் இல்லாத ஆறுகூட எவ்வளவு அகலமாக இருக்க முடியும் என்று அன்று பார்த்தேன். கிழக்குக் கோபுர வாசலில் நூற்றெட்டு கரணச் சிற்பங்களில் ஒன்றிரண்டை நான் நின்று பார்த்து முயன்றுகொண்டிருக்க, அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பிறகு தெற்கே திரும்பினோம். மாயவரத்திலிருந்து பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் வழியாகத் திருவாரூர். இந்தப் பாதையின் கதையைத் தாத்தா ஒருவிதப் பெருமையோடு சொன்னார். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-இல் திறந்த இந்தப் பாதைக்குப் பணம் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு கூடுதலாக ஒரு வரி வசூலித்துச் சேர்த்த பணம். லண்டன் கம்பெனி பங்குதாரர்களின் காசு அல்ல, இங்கே நெல் விளைவித்தவர்களின் காசு. இந்தியாவில் ஜில்லா போர்டு ஒன்று சொந்தமாகப் போட்ட முதல் ரயில் பாதை அதுதான். தரங்கம்பாடிப் பாதையும் அதே ஜில்லா போர்டின் முயற்சி. "நம்ம சனம் போட்ட தண்டவாளம்" என்று தாத்தா சொல்லும்போது, எதிரில் உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தியாக இருந்திருக்கும்.

திருவாரூரில் கமலாலயக் குளத்தங்கரையில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, அன்று மாலையே நாகப்பட்டினம் போய்விட்டோம்.

இந்த ஊரைப் பற்றி நான் எழுதுவதைவிடத் தாத்தாவே எழுதியிருக்க வேண்டும். தெற்கே முதன்முதலாக ரயில் ஓடிய பாதைகளில் ஒன்று நாகப்பட்டினத்தில்தான் தொடங்கியது. 1861-இல் தஞ்சாவூர் வரை, அடுத்த ஆண்டே திருச்சி வரை. அன்று அது ஐந்தரை அடி அகலப்பாதை. 1875 வாக்கில் அதைச் சுருக்கி மீட்டர் பாதை ஆக்கினார்கள். நாங்கள் போன காலத்தில் மீட்டர் பாதை. இப்போது மறுபடி அகலப்பாதை. ரயில் வந்ததால் பணிமனையும் இங்கேயே வந்தது. தென்னிந்திய ரயில்வேயின் இன்ஜின்களும் பெட்டிகளும் இந்தக் கடற்கரை ஊரில்தான் பழுது பார்க்கப்பட்டன. தாத்தாவின் அப்பா அங்கே கொல்லுப்பட்டறையில் இருந்தார். தாத்தாவும் மீசை அரும்பும் வயதில் அங்கேதான் கையாளாகச் சேர்ந்தார்.

பிறகு கம்பெனி, பாதைகளின் நடுமையமான திருச்சிக்குப் பக்கத்தில் பெரிய பணிமனை கட்டியது. 1928 வாக்கில் வேலை அங்கே மாறியது. அதுதான் எங்கள் பொன்மலை. மாற்றத்தோடு ஆட்குறைப்பும் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பாடப் புத்தகத்தில் இது ஒரு வரி. தாத்தாவுக்கு அது ஒரு தெரு முழுக்கக் காலியான கதை.

ஸ்டேஷனுக்கு வெளியே ஓர் இடத்தில் நின்று, கையை நீட்டி நீட்டிக் காட்டினார். இங்கே வார்ப்படக் கூடம். அங்கே பாய்லர் கூடம். அதோ அந்தப் பக்கம் நேரங்குறிக்கும் கேட், தாமதமாக வந்தால் கதவு மூடிவிடும். "பாத்திரம் பண்டம், ஆடு, கோழிக் கூண்டு, அம்மிக்கல்லு, எல்லாத்தையும் வண்டியில ஏத்துனோம். எங்கம்மா மட்டும் ஒரு மூட்டை கருவாட்டத் தனியா மடியில வச்சுக்கிட்டா. அந்த ஊர்ல கடல் இல்லையாமேன்னு கேட்டுக்கிட்டே வந்தா." பொன்மலைக் காலனியில் எங்கள் தெருவில் ஏன் அத்தனை வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கருவாட்டு மணம் வந்தது, ஏன் கிழவர்கள் எல்லோரும் புயல் என்றால் வானொலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள் என்பதற்கெல்லாம் அந்த நாகப்பட்டினத்து மண்ணில் நின்றபோது எனக்கு விடை கிடைத்தது. மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் குடியேறிய கடற்கரைச் சனங்கள் நாங்கள்.

கரைக்குப் போனோம். தூரத்தில் கப்பல் எதுவும் இல்லை. பெரிய கப்பல்கள் இங்கே கரைக்கு வர முடியாது, ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களைப் படகில்தான் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். ரஜூலா என்ற கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த காலத்தில், ரயிலை விட்டு இறங்கியவர்கள் மூட்டையோடு நேரே கரைக்கு நடந்ததையும், படகு தள்ளும் நேரத்தில் கரையில் எழும் அழுகையையும் தாத்தா சொன்னார். அவருடைய சித்தப்பா ஒருவர் அப்படி மலாயாவுக்குப் போனவர். ஒரு கடிதம் வந்தது. இன்னொன்று வரவில்லை. ரஜூலா 1973-இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு வந்த சிதம்பரம் கப்பலும் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்த வழி முடிந்தது.

நாகூருக்கு ஒரே ஓட்டம்தான், நடுவில் வெளிப்பாளையம் மட்டும். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய அரசர் பிரதாபசிம்மர். சோழன், நாயக்கர், மராட்டியர் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தாலும், தஞ்சாவூரில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கடற்கரையில் தங்கள் பெயருக்கு எதையாவது வைத்திருக்கிறார்கள். அதுவும் புத்த விகாரம், டேனிஷ் கோட்டைக்கு இடம், இஸ்லாமியப் பெரியவரின் தர்காவுக்கு மினாரா. வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த கரை இது. எங்கள் தெருவில் அம்மைகண்ட பிள்ளைகளுக்கு நாகூருக்கு நேர்ந்துகொள்ளாத வீடு இல்லை. தம்பிக்காக நேர்ந்துகொண்ட தகட்டை அம்மா அங்கே செலுத்தினாள். முற்றத்தில் புறாக்கள் ஒரே நேரத்தில் எழும்பிய சத்தத்தில் தம்பி மறுபடி என் பாவாடையைப் பிடித்தான்.

கடைசியாக வேதாரண்யம். திருவாரூருக்கு வந்து, திருத்துறைப்பூண்டியில் வண்டி மாறி, மறுபடி ஒரு கிளைப்பாதை. பாதை போகப் போக மரங்கள் குட்டையாகி, மண் வெளிறி, இறுதியில் இருபுறமும் உப்பளம். வெள்ளைக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. உப்புச் சத்தியாகிரகத்தில் ராஜாஜி 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து நூறு பேர் அளவில் தொண்டர்களோடு கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி என்று நடந்து வந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளியது இங்கேதான். நாங்கள் ரயிலில் வந்த ஊர்களில் பலவற்றை அவர்கள் அதே கோடை வெயிலில் நடந்து கடந்தவர்கள். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு விலகிக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது தாத்தாவின் கண் கலங்கியது. "சோறு போட்டா ஜெயிலுன்னான். மரத்துக்கு யாரு ஜெயிலு போட முடியும்?"

கோடியக்கரைக் காட்டுக்குப் பேருந்தில் போய், புதருக்குள் துள்ளி ஓடிய வெளிமான் கூட்டத்தைப் பார்த்தோம். மே மாதம் பாலாப்பழக் காலம். சிறு சிறு மஞ்சள் பழங்களைக் கூறு கட்டி விற்றார்கள். தின்னத் தின்னப் பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொண்டு, நானும் தம்பியும் வாயைத் திறக்க முடியாமல் சிரித்தோம். திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்தபோது, உப்பு ஏற்ற நின்ற சரக்கு வண்டியின் பக்கம் தாத்தா போனார். ஒவ்வொரு வேகனாகக் குனிந்து படித்துக்கொண்டே கடைசி வரை நடந்தார். ஏறக்குறைய எல்லாவற்றின் மேலும் அவர் கை பட்டது.

இந்தப் பாதைகளுக்குப் பிறகு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். தரங்கம்பாடி வண்டி 1986-இல் நின்றது. மற்றவை ஒவ்வொன்றாக அகலப்பாதையாயின. வேதாரண்யம் பாதை நீண்ட காலம் மூடிக்கிடந்து, 2023 ஏப்ரலில் அகத்தியம்பள்ளி வரை மறுபடி திறக்கப்பட்டது. அதில் ஏறிப் போனேன். நீராவி இல்லை, கரி இல்லை, கண்ணில் எதுவும் விழவில்லை. உப்பளம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பெரும் சந்தோஷம், கூடவே ஒரு ஆற்றாமை. வேதாரண்யத்துக்கு முடிந்தது தரங்கம்பாடிக்கு ஏன் முடியக்கூடாது?

அந்த ஊர்க்காரர்கள் பாதையை மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன். பயணிகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மன்னம்பந்தலில் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கட்டை அடைத்துக்கொண்டு ஏறி இறங்குவார்கள். திருக்கடையூரில் மாலையோடு அறுபதும் எண்பதும் நிறைந்த தம்பதிகள், பின்னால் மூன்று தலைமுறைக் கூட்டம், சீர்த்தட்டு, அழும் கைக்குழந்தை. பொறையாற்றில் பள்ளிக்கூடப் பைகள். தரங்கம்பாடியிலிருந்து விடிகாலை முதல் வண்டியில் கூடைக்காரப் பெண்கள், ஐஸ் உருகிச் சொட்டச் சொட்ட, உட்கார இடம் கேட்டு சத்தம் போட்டபடி மாயவரம் சந்தைக்கு வருவார்கள்.